முதல் அழைப்பு

வக்குவா நகரில் ஆசிரியர் பயிற்சி வகுப்பின் கடைசி பெஞ்சில் மருதை முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். தம்பி சுப்ரமணியனின் பாடத்தை ரசிக்க வந்தவரல்ல. செத்துப்போன அப்பாவின் பெயர் அங்கே அடிபடாமல் பார்த்துக்கொள்ள வந்தவர்.

ஒரு சேதி ஆளுக்கு ஆள் எப்படிப் போகிறது என்பதுதான் சுப்ரமணியனின் ஆராய்ச்சி. லாங் மவுண்டன் பக்கத்துக் கரும்புத் தோட்டமொன்றில், முப்பத்தேழாம் வருட வேலைநிறுத்தச் சேதி பரவிய வழியை நான்கு வருடமாகக் கிழவர்களிடம் கேட்டு எழுதியிருந்தான். அப்பா பெயரைச் சொல்வதில்லை என்று காலையில்தான் அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

"ரேடியோ இல்லை. படிச்சவன் இல்லை. ஒரே நாள்ல இருநூறு வீட்டுக்குச் சேதி எப்படிப் போச்சு?"

"எங்க அத்தை ஒருத்தி போதும், மிஸ்யே!" என்று வாத்தியாரைப் பார்த்துச் சொன்னான் மாணவன் தெனி.

வகுப்பு சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் சுப்ரமணியன். கரும்பலகையில் வீடு வீடாக வட்டம் போட்டு, கோடு இழுத்துக்கொண்டே போனான். சட்டையெல்லாம் சாக்பீஸ் தூள், முகத்தில் அப்படியொரு வெளிச்சம். தோட்டத் துரையின் பங்களாவுக்கு வந்ததும் கை நின்றது.

"எல்லாருக்கும் முன்னாடி இங்கே தெரிஞ்சிருக்கு. விடியறதுக்குள்ள போலீஸ் வந்துடுச்சு."

ஏன் என்று மருதைக்குத் தெரியும். கோயில் துரையின் நிலத்தில் இருந்தது. திருவிழாவுக்கு முதல் அழைப்பு பங்களாவுக்குப் போவது வழக்கம். வேலைநிறுத்தச் சேதியை அழைப்போடு வீடு வீடாகச் சொல்ல அப்பாவைத்தான் அனுப்பினார்கள். அப்பா வழக்கம் தவறாமல் முதலில் பங்களாவுக்கே போனார். அழைத்தார். சேதியையும் சொன்னார். அந்த வருடமே வேலையாட்களுக்கு மேலாளாக, சர்தார் ஆனார்.

"சொன்னது பங்களா சமையல்காரர் லுசியான்தானே, மிஸ்யே? ஊரே சொல்லுதே," என்றான் தெனி.

இரண்டாம் வரிசையிலிருந்து லுசியானின் மகள் ஜொசெத் எழுந்தாள்.

"எங்கப்பா அன்னைக்குக் காய்ச்சல்ல கிடந்தார். இருபத்தஞ்சு வருஷமாச் சொல்றோம், யாரும் நம்பலை. உங்களுக்குத் தெரியுமா, மிஸ்யே? யார் சொன்னது?"

சுப்ரமணியன் கடைசி பெஞ்சைப் பார்த்தான்.

"தெரியாதும்மா."

மணி அடிக்குமுன் பலகையை அழித்துவிட்டான்.

வெளியே வந்ததும் மருதை சொன்னார்: "குடும்ப மானத்தைக் காப்பாத்திட்டே."

"நாலு வருஷ நோட்டு, அண்ணே." நோட்டுக் கட்டை அண்ணன் கையில் திணித்தான். "எடுத்துட்டுப் போங்க. இனி அந்தப் பிள்ளை முன்னாடி நின்னு எதைச் சொல்லிக் கொடுப்பேன்?"

பஸ்ஸில் கூட்டம். நோட்டுக் கட்டோடு தடுமாறிய பெரியவரைப் பார்த்து ஜொசெத் எழுந்தாள்.

"உட்காருங்க, மாமா. கட்டை நான் பிடிச்சுக்கவா?"

"வேண்டாம்," என்றார் மருதை. அவள் விட்ட இடத்தில் உட்கார்ந்து, கட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.