நெய்தல் நாயகனும் பொட்டிட்ட வளைகுடாவும்

வெள்ளியங்கிரிச் சாரலில் வெள்ளிக்கம்பியென நீர் கசிந்து பிறந்து, பேரூர்ப் படித்துறையைத் தொட்டு வணங்கி, வழியிலுள்ள குளங்களுக்கெல்லாம் தன் பங்கை ஈந்து, அடக்கமே உருவாக நடந்துவந்த நொய்யலாறு, திருப்பூர் எல்லையை மிதித்த அளவிலே காலையில் நீலமும் நண்பகலில் செம்மையும் மாலையில் கிளிப்பச்சையுமாக உடைமாற்றும் ஒயிலைக் கற்று, நுரைப்பூச் சூடி, நறுமணமென்று சொல்ல நாம் துணியாத ஒரு மணத்தைப் பரப்பிக் கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த ஒரு மார்கழி முற்பகல் அது. வேலம்பாளையத்துச் சாலையிலே நகரப் பேருந்துகள் சினையெருமைகளென ஒருபுறம் சாய்ந்து வர, அவற்றின் இடுக்குகளில் இருசக்கர ஊர்திகள் கெண்டைகளென வழுக்கி ஓட, வேலைக்குச் செல்லும் மகளிர் சோற்றுத் தூக்குப்போசிகளை மடியில் அணைத்தவாறு கூண்டு வண்டிகளில் பூக்கூடைகளென நெருங்கி அமர்ந்து சென்றனர். தொண்ணூறுகளின் நடுப்பகுதியாகிய அந்நாளில், கடலுக்கு அப்பால் வாழும் மாந்தர்தம் மார்பையெல்லாம் மூடிக் காக்கும் பொறுப்பைத் திருப்பூர் தானே முன்வந்து தலைமேற்கொண்டிருந்தது என்பதைப் படிப்போர் அறிவீர்.

அச்சாலையின் வளைவிலே, மூன்று மாடங்களும் மூன்றாவதற்குப் பூச்சின்மையும் உடைய ஒரு கட்டடத்தின் நெற்றியில், 'நெய்தல் நாயகன் பின்னலாடை ஏற்றுமதியகம்' என்னும் பலகை, கட்டடத்தையும் அகலத்தில் வென்று இருபுறமும் ஒரு முழம் நீண்டு தொங்கிற்று. அதன் தலைவர் ஞானசம்பந்தம், கைத்தறி நெய்த குடியில் தோன்றி, முருகவேளின் திருவடியையும் தம் புகழையும் அன்றிப் பிறிதொன்றைப் பற்றாத பெருந்தகை. பன்னெடுங்காலம் பிறர்க்குக் கூலிக்குத் தைத்துக் கொடுத்து, தம் கூரையின்கீழ் உருவான ஆடையின் கழுத்தில் இன்னொருவன் பெயர்த்துணி ஏறுவதைக் கண்டு உள்ளே குமைந்து வாழ்ந்தவருக்கு, முதன்முதலாக, அவர் பெயருக்கே ஓர் ஆணை கடல்கடந்து வந்திருந்தது. அது கரைசேர்ந்தால் அவர் ஏற்றுமதியாளர். கவிழ்ந்தால், பலகையைக் கழற்றி வைத்துவிட்டு மீண்டும் பிறர் வாயிலில் துணிக்கட்டுக்காகக் கைகட்டி நிற்க வேண்டியவர்.

ஆணை அனுப்பியோர் வடகடல் நாடொன்றின் பாய்மரக் கழகத்தார். தம் நாட்டின் பெருவளைகுடாவைச் சுற்றிப் பாய்விரித்துச் சென்று கண்டு களிக்கத்தக்க துறைகளையெல்லாம் ஒரு வரைபடமாக்கி, அதனைப் பனியனின் மார்பிலே அச்சிட்டுத் தரவேண்டுமென்பது அவர்தம் விருப்பம். கடல்நாய்கள் பாறைமேற் கிடந்து முதுகு காயும் தீவும், பால்வடிந்தாற்போல் நிற்கும் வெண்பாறை முனையும், ஓதம் ஏறுகையில் மட்டும் வழிவிட்டு இறங்குகையில் கலத்தை விழுங்கும் ஈரலை வாயிலும், கொடிமுந்திரியாகிய திராட்சைத் தோட்டங்கள் நீர்விளிம்புவரை இறங்கிவரும் சரிவும், களைத்த மீகாமர் நங்கூரமிட்டு இளைப்பாறும் அமைதித்துறையும் அப்படத்தில் இருந்தன. உடன்வந்த சிறுநூலைக் கணக்கர் சென்னிமலை தமிழ்ப்படுத்திப் படிக்கக் கேட்ட ஞானசம்பந்தம், துறைகளின் பெயரை நெட்டுருச் செய்து, திருமணப் பந்தியிலும் தேநீர்க்கடையிலும் அவ்வழியே பலகால் கலம் செலுத்தியவர் போலவே பேசத் தலைப்பட்டார்.

"கடல்நாய்த் தீவுக்கு வெள்ளனவே போயிரோணுமுங்க. உச்சிக்கு மேல காத்து மாறிப்போச்சுன்னா, பாயி சொன்னபடி கேக்காது" என்பார். கேட்போர் வாய்பிளப்பர். அவருடைய இல்லாள் சாரதாமணி ஒருத்தியே பிளவாதவள்.

"ஏனுங்க, பவானிசாகர்ல பரிசல்ல ஏறச் சொன்னதுக்கே கெறக்கமா வருதுன்னு கரையில குக்கி உக்காந்துக்கிட்டவரு நீங்க. கடலப் பத்தி ஊருக்குச் சொல்றீங்களா?"

"அது ஆத்துத் தண்ணி, சாரதா. ஆத்துத் தண்ணி எனக்கு ஒத்துக்காது."

கடலை அவர் கண்டதே இல்லை. கண்டதில்லையாதலின், அதனிடம் அவருக்கு அச்சமும் இல்லை.

அச்சிடும் முறையை இங்கே சிறிது விளக்குதல் வேண்டும். ஒவ்வொரு நிறத்திற்கும் ஒவ்வொரு படலம் உண்டு; கண்ணாடிபோல் இருபுறமும் ஊடுருவித் தெரியும் அதனைத் தொழிலாளர் பிலிம் என்பர். அதனை வலைச்சட்டத்தின்மேல் வைத்து ஒளியூட்டினால் உருவம் சட்டத்தில் பதியும். சட்டத்திலிருந்து மையின் வழியே துணியில் இறங்கும். பிலிம் புறம்மாறிக் கிடந்தால் உருவமும் இடவலம் மாறும். துறைகளின் பெயர்களைத் தாங்கிய சிவப்புக்குரிய பிலிமை, ஆங்கில எழுத்தின் வடிவறிந்த எவரும் முகம் எது முதுகு எதுவென்று சொல்லிவிடலாம். கரையும் தீவும் மலையும் பாறையும் மட்டுமே தீட்டிய நீலத்திற்குரிய பிலிமுக்கோ எழுத்தில்லை. மூலையில் எறும்பளவான ஒரு குறி மட்டுமே அதன் முகத்தைக் காட்டுவது.

ஏனைய பட்டறைகளில் அக்குறியைப் பார்த்து வேலையைத் தொடங்குவர். ஞானசம்பந்தமோ, முருகன் முன்னிலையில் வைத்துப் பொட்டிடாமல் ஊசியைக்கூட நூல்கோக்க விடாதவர். திருக்கார்த்திகையன்று பித்தளைத் தாம்பாளத்தில் இரண்டு பிலிம்களையும் கிடத்தி, ஊர்ப்பெரியோரை வரிசையாக அமர்த்தி, நாகசுரம் முழங்க, சந்தனத்தைத் தோசைமாவெனக் குழைத்தெடுத்துத் தம் பத்தியின் பருமனுக்கேற்ற பொட்டொன்றை நீலப் பிலிமின் மூலையில் அப்பி, அதன் நடுவே குங்குமமும் இட்டார். எறும்புக்குறி சந்தனத்துள் அடங்கிற்று. அவர் பொட்டிட்டது முதுகுப்புறம்.

அச்சுக்கூடத்தின் தலைவன் ராக்கையா, கமுதிப் பக்கத்துக் கருவேலங்காட்டிலிருந்து மனைவியோடு பிழைப்புத் தேடி வந்து, ஏற்றுமதியகத்துக்குரிய ஓட்டுவீட்டில் குடியிருப்பவன். அவன் பிலிமை ஏந்தி, மேலும் கீழும் திருப்பி, "மொதலாளி, இதுல எது மூஞ்சின்னு தெரியலையே" என்றான்.

"பொட்டு வெச்ச பக்கந்தானப்பா மொகம்! முதுகுல ஆராச்சும் பொட்டு வெப்பாங்களா?"

பெரியோர் நகைத்தனர், ராக்கையாவும் நகைத்தான். பொட்டு வைத்த முகத்தை முகமென்றே கொண்டு ஒளியூட்டினான். ஒத்துப் பார்க்கலாமெனினோ, கழகத்தார் அனுப்பிய மூலப்படம் அச்சுக்கூடத்தில் இல்லை. அதற்குச் சட்டமிட்டு, கண்ணாடி போட்டு, பாதிக்கரை மறையும்படி நெகிழிமுத்து மாலையும் சாத்தித் தம் அறையில் முருகனுக்கு வலப்பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார் தலைவர்.

இவ்வாறாக அச்சேறி, தைபட்டு, தேய்க்கப்பட்டு, பெட்டிகளில் அடைபட்ட பனியன்களை ஏற்றித் தூத்துக்குடித் துறைமுகம் செல்லவேண்டிய சரக்குந்து வாயிலில் நின்று உறுமிக்கொண்டிருந்தபோதுதான், நாம் முதலிற் சொன்ன மார்கழி முற்பகலில், கழகத்தாரின் சார்பாளர் தவசி சென்னையிலிருந்து இறுதி ஆய்வுக்கு வந்து சேர்ந்தார். ஞானசம்பந்தம் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் வெண்ணீறுமாய், பாய்விரித்த கலமே படியிறங்கி வருவதுபோல எதிர்கொண்டு, பனியன் ஒன்றை மேசைமேல் விரித்து, பிரம்பொன்றைக் கையிலேந்தித் துறைதுறையாகச் சுட்டிப் பெருமுழக்கமிட்டார். தவசி தாம் கொண்டுவந்த சிறுநூலைப் பனியனின் அருகே வைத்தார். நூலைப் பார்த்தார்; பனியனைப் பார்த்தார். பிறகு ஞானசம்பந்தத்தின் முகத்தை, நோயாளிக்கு எப்படிச் சொல்வதென்று தயங்கும் மருத்துவரைப்போல் நெடிது பார்த்தார்.

"சார், கடல்நாய்த் தீவுங்கற பேரு ஏன் மலை மேல இருக்கு?"

"கடல்நாயி மலையேறுமுங்க. வெயிலுக்கு" என்றார் ஞானசம்பந்தம், சிறிதும் தளராமல்.

"கொடிமுந்திரித் தோட்டம் நடுக்கடல்ல இருக்கே? அமைதித்துறைன்னு போட்ட எடத்துல பாருங்க, கப்பல் ஒடையற பாறைன்னு படத்துல நீலப் புள்ளி வெச்சிருக்கு. இத நம்பி ஒருத்தன் நங்கூரம் போடப் போனா நேரா பரலோகந்தான். கரை மொத்தமும் இடவலம் மாறிடுச்சு சார். பேரு மட்டும் நேரா நிக்குது."

பெட்டிகள் பிரிக்கப்பட்டன. ஒன்றைப் பிரித்தாலும் அதுவே. ஒன்பதைப் பிரித்தாலும் அதுவே. கிழக்கிருக்க வேண்டிய மலை மேற்கிலும், மேற்கிருக்க வேண்டிய தீவு கிழக்கிலுமாக, அடுக்கடுக்காய் அத்தனை மார்புகளிலும் ஒரே பிழை ஒழுங்காக மடிக்கப்பட்டிருந்தது. ஞானசம்பந்தம் பிரம்பைத் தாழ்த்தினார். வியர்வை நீற்றைக் கரைத்து இமைவழி இறங்க, "போட்டுக்கிட்டுக் கண்ணாடியில பாத்தா நேராத் தெரியுமுங்களே?" என்று, நீரில் மூழ்குவோன் நுரையைப் பற்றுவதுபோல் ஒரு சொல்லைப் பற்றினார். தவசி நகைக்கவில்லை. நகைத்திருந்தால் ஒருவேளை நம்பிக்கை பிழைத்திருக்கும்.

"நான் ரிப்போர்ட்ல காரணம் எழுதியாகணும். ஒர்க்கர் தப்புன்னா, ஆளை நிறுத்திட்டோம்னு ஒரு வரி போதும். மறுபடி அடிச்சுக் கொடுக்க டைம் வாங்கித் தரேன். மேனேஜ்மென்ட் தப்புன்னா உங்க பேரையே எடுத்துடுவாங்க. அப்புறம் எந்த வெளிநாட்டு பையரும் வரமாட்டான். யாரு தப்பு?"

அச்சுக்கூடத்தார் அனைவரும் அழைக்கப்பட்டனர். இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தலைவரின் கண் எங்கெங்கோ அலைந்து, ஈற்றில் ராக்கையாவின்மேல் சென்று நின்றது. பிழைசெய்து நீக்கப்பட்டவன் என்று பெயரெடுத்தால் அவனை வேறெந்தப் பட்டறையும் வாயிலில் அண்டவிடாதென்பதும், ஓட்டுவீட்டை அன்று மாலையே காலிசெய்ய வேண்டுமென்பதும், சோறு கொண்டுவந்து வாசலில் நின்ற அவன் மனைவிக்கு இது நிறைமாதமென்பதும் அவர் அறியாதவை அல்ல. அறிந்தே, "ஏப்பா ராக்கையா, பிலிமு வெச்சது நீதான?" என்றார்.

"நாந்தான் மொதலாளி."

"திருப்பி வெச்சுப்போட்டயே. என்ற குடியவே கெடுத்துப்போட்டயே!"

ராக்கையா நிமிர்ந்து பார்த்தான். "வச்சது நாந்தான் மொதலாளி. பொட்டு வச்சது…" என்று தொடங்கியவன், வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, சொல்லை விழுங்கிக்கொண்டான். சென்னிமலை தம் காலணியின் வாரை ஆராய்ந்தார். எல்லார்க்கும் தெரியும், எவரும் வாய்திறவார். ஞானசம்பந்தத்தின் நெஞ்சோ, 'முருகா, அவன் பேசாதிருக்க வேண்டும்' என்று வேண்டிற்று. அவ்வேண்டுதலின் இழிவு அவருக்கே தெரிந்திருந்தது. எனினும் நிறுத்த முடியவில்லை.

தவசி எழுதுகோலைத் திறந்தார். எழுதுமுன், ஐயம் நீங்கவேண்டி, கெட்ட எண்ணம் ஏதுமின்றி ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப, இங்க எது மொகம் எது முதுகுன்னு முடிவு பண்றதெல்லாம் இந்த மாஸ்டர்தான். நீங்க சும்மா சாமி கும்பிட்டுப் பொட்டு வெக்கறதோட சரி. அப்படித்தானே சார்?"

தன்மானம் என்னும் பாம்பு, உறங்கும்போதும் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருக்கும் போலும். ஞானசம்பந்தத்தின் முதுகு தானே நிமிர்ந்தது, மீசை துடித்தது.

"ஆரு, நானா சும்மாவா? இங்க பாருங்க தம்பி! இந்தக் கம்பெனியில நாஞ்சொல்லாம ஒரு ஊசி நகராது. அவன் மொகம் எதுன்னு கேட்டான்; பொட்டு வெச்ச பக்கந்தான்னு நாஞ்சொன்னேன்! என்ற வாக்க மீறி இங்க எவன் பிலிமு வெப்பான்?"

சொல் வெளியேறிய பின்னரே அது எதுவென்று அவருக்கு விளங்கிற்று. தையற்பெண்டிர் நிரையில் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. பிரம்பை மேசைமேல் வைத்தார். வைத்த கை அதனை விட்டு எழவில்லை. ஒருகணம் அவர் கண்கள் தவசியைக் கெஞ்சின. ஆயினும் வாய், தன் பெருமையைத் தானே உண்டு செரித்துவிட்டதால், மறுப்பதற்கு ஒரு சொல்லையும் காணவில்லை. தவசி அதையே எழுதினார். சரக்குந்து வெறுமையாய்த் திரும்பியது. ராக்கையா வாசலுக்குச் சென்று, மனைவியின் கையிலிருந்த தூக்குப்போசியை வாங்கிக்கொண்டான்.

பெட்டிகளின் நடுவே அன்று பகல் முழுதும் அவர் அமர்ந்திருந்தார். சாரதாமணி சோற்றோடு வந்து, நெடுநேரம் நின்று, "எந்திரிங்க. கடலு கெடக்குது; சோறு ஆறுது" என்றாள். அவர் எழவில்லை.

தை பிறக்குமுன் பலகை இறங்கிற்று. ஞானசம்பந்தம் மீண்டும் பிறர் பெயருக்குத் தைப்பவரானார். ஊராரோ, தொழிலாளிக்காகத் தொழிலையே துறந்த வள்ளலென்று அவரைப் போற்றி, தமிழ் மன்றத்தில் மேடையேற்றி, 'வாய்மைச் செம்மல்' என்னும் பட்டம் ஈந்து பொன்னாடை போர்த்தினர். முன்னாளில் ஒரு பொன்னாடைக்கு இரண்டு தோள் போதாதென்று வருந்தியவர், அன்று அதனை ஈரத்துணிபோல் சுமந்து நின்றார். கூட்டத்தின் கடைசி வரிசையில் ராக்கையா கைதட்டிக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கவும் அவரால் இயலவில்லை, பாராதிருக்கவும் இயலவில்லை.

பனியன்கள் காதர்பேட்டைச் சந்தையில் எடைக்குப் போயின. வடகடலின் வளைகுடா சுமைதூக்குவோர் மார்பிலும், சாயப்பட்டறையில் துணி அலசுவோர் மார்பிலும், சந்தைக்கு ஆடு ஓட்டுவோர் மார்பிலும் திருப்பூரெங்கும் உலாவந்தது. அதனைக் காணுந்தோறும் அவர் தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.

பங்குனியில் ஒருநாட் காலை, வேலம்பாளையத்து முடிதிருத்தகத்தில் முகம் மழிக்க அமர்ந்திருந்தார். கழுத்தில் கத்தி நின்ற வேளையில், முன்னிருந்த கண்ணாடியுள், பின்னே மரப்பலகையில் செய்தித்தாளை மடியில் விரித்துப் படித்துக் காத்திருந்த ஒரு சுமைதூக்கியின் மார்பு தெரிந்தது. தலையைத் திருப்ப வழியில்லை. கண்ணாடியிலே கரை நேராக இருந்தது. மலை தன் திசையில் நின்றது. தீவு தன் நீரில் கிடந்தது. வெண்பாறை முனை, மாலை சாத்தாத தன் முழுமையோடு, நின்றவிடத்தில் நின்றது. எழுத்துகள்தாம் புறம்மாறிப் புழுக்களாய் நெளிந்தன. அவற்றைப் படிக்க என்றுமே அறியாதவருக்கு அதனால் இழப்பொன்றும் இல்லை.

"மொகத்த ஆட்டாதீங்க சாமி" என்றான் முடிதிருத்துபவன்.

ஆட்டவில்லை. ஓதம் ஏறும் வேளை பார்த்து ஈரலை வாயிலைக் கடந்து, தோட்டச்சரிவை வலப்பக்கம் விட்டு, அமைதித்துறையை நோக்கி ஒவ்வொரு துறையாக அவர் சென்றுகொண்டிருந்தார். யாருக்கும் உரைக்கவில்லை, உரைக்க எவரும் இல்லை. நங்கூரம் இறக்குமுன் சுமைதூக்கி தாளை மடித்து வைத்துவிட்டு, நேரமாயிற்றென்று எழுந்து போனான். கண்ணாடியில் எஞ்சியது ஒரு பாதி மழித்த முகம். பெருமை பேசிய வாயினின்று உண்மை வழுக்கி விழுவதும் உண்டு. விழுந்த உண்மை ஒரு குடியைக் காப்பதும் உண்டு. ஆயின், அதனை விழவிட்டவன் தானே குனிந்து எடுத்துத் தன்னதென்று சூடிக்கொள்ள எந்நாளும் இயலாது.