இரண்டு துறைக்கும் ஓர் உலை

“கேக்காத காவேரி. நீ வாயத் தொறந்தா உன் வேலையும் பூடும்.”

“அப்போ உன் கை?”

“கை இருக்குது இல்ல? மூணு வெரலு மடங்கல, அவ்ளோதான். இடது கை இத்தினி வருஷமா சும்மா இருந்துச்சு. இனிமே அது ஒழைக்கட்டும்.”

“ஜோக்கு அடிக்காதய்யா.”

“நான் அழுதா நீ தாங்குவியா?”

முந்தாநாள் காலையில் அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடும்போது பேசிக்கொண்டது. நாற்பத்தொரு நாளாக தினகரனுக்கு அவன் மனைவி காவேரிதான் பொத்தான் போடுகிறாள். அந்த நேரத்தில் மட்டும் அவன் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

அந்தப் பேச்சை மனதில் சுமந்தபடியே இன்று காவேரி சின்ன காஞ்சிபுரத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்தாள். ஆறு மணிக்குப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் ஆய்வுக்கூடத்தைத் திறந்தபோது ஜன்னலில் வெளிச்சம் அப்போதுதான் ஒட்டத் தொடங்கியிருந்தது. நேற்று மாணவர்கள் விட்டுப்போன அறுபது பியூரெட்டுகள், நீளமான கண்ணாடிக் குழாய்கள், தொட்டியில் கிடந்தன. ஒவ்வொன்றையும் அமிலத்தில் அலசி, பிரஷ் விட்டுத் தேய்த்து, மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி, தலைகீழாக மாட்ட வேண்டும். கையுறை கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நைட்ரிக் அமிலம் பட்டு அவள் விரல் நுனிகள் மஞ்சளாகியிருந்தன. எந்தச் சோப்புக்கும் போகாத மஞ்சள். புகைபோக்கி விசிறி கரகரவென்று சுற்றியது. புகை என்னவோ உள்ளேயேதான் இருந்தது.

தரை துடைக்கும் அன்னம்மாள் வாளியோடு வந்தாள். “இன்னிக்கு கமிட்டி வருதும்மா. புதுப் படிப்புக்கு அனுமதி குடுக்கறவங்களாம். மத்தியானம் உலையக் கீழ எறக்கணுமாம்.”

காவேரியின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

மேஜை மேல் நிற்கும் அந்த மின் உலை ஒன்றுதான், கணக்கில் இரண்டு. பார்வையிட வருகிறவர்கள் காலையில் அதை வேதியியல் துறையில் பார்ப்பார்கள். விருந்தினர் விடுதியில் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான்கு பேர் அதை ஈரச் சாக்கில் சுற்றி, இரண்டு மாடி இறக்கி, எதிர்க் கட்டடத்து இயந்திரவியல் துறையில் கொண்டுபோய் வைப்பார்கள். பிற்பகலில் அங்கேயும் ஓர் உலை இருக்கும். துறைப்பெயர் அச்சடித்த ஸ்டிக்கரை மாற்றி ஒட்டுவது காவேரியின் வேலை. ஆறு வருஷமாக இப்படித்தான். தூக்குகிற நால்வரில் ஒருவனான தினகரன்தான் உலைக்கு உற்சவர் என்று பெயர் வைத்தான். “நம்ம கோயில்ல மூலவர் இல்லப்பா, உற்சவர் மட்டும்தான். தோள் குடுங்க!” என்பான்.

போன முறை பெரிய கமிட்டி வந்தபோது, உலையை எரியவிட்டுக் காட்டச் சொன்னார்கள். ஆறுவதற்கு நேரமில்லை. இரண்டாவது படிக்கட்டுத் திருப்பத்தில் கொண்டி கழன்று உலைக்கதவு தினகரனின் வலது கைமேல் திறந்துகொண்டது. தினகரன் கையை எடுத்திருந்தால் கீழ்ப்படியில் நின்று தூக்கிய கூட்டாளி யேசுதாஸ் மேல் உலை சரிந்திருக்கும். அவன் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் காரில் பதிவாளர் குமரகுரு மெதுவான குரலில் சொன்னார்: “உலை விஷயம் வெளிய போச்சுன்னா யுனிவர்சிட்டியையே மூடிடுவாங்கம்மா. முந்நூறு குடும்பம் தெருவுக்கு வந்துடும்.”

முந்நூறு குடும்பத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் காவேரி டாக்டரிடம் சொன்னாள்: “வீட்டுல சார். அடுப்புல கை வச்சுட்டாரு.”

அது அப்படியே சீட்டில் ஏறியது. வீட்டில் நடந்த விபத்துக்கு ஈ.எஸ்.ஐ. ஊன உதவித்தொகை தராது. வேலையிடத்தில் நடந்தது என்று பல்கலைக்கழகம் எழுதித் தந்தால் வழியுண்டு. மறு வாரமே, பல்கலைக்கழகத்துக்கு ஆள் தரும் காண்ட்ராக்டர் தினகரன் பெயரை வாயிற் பட்டியலிலிருந்து அடித்துவிட்டான். பல்கலைக்கழகத்தின் அந்த எழுத்தைக் கேட்க இரண்டு முறை காவேரி பதிவாளர் அறை வரை போனாள். இரண்டு முறையும் சோப்புத் தூள் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

“அக்கா, டாக்டர்கிட்ட பொய் சொன்னது நான்தான்” என்றாள் இப்போது அன்னம்மாளிடம். சொன்னதும் அழுகை வந்தது.

“தெரியும்டி. எங்களுக்காகத்தான சொன்ன? நாங்க மட்டும் இன்னா பண்ணோம்? வாய மூடிக்கினு இருந்தோம்.” அன்னம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். “இரு, யேசுதாஸக் கூப்புடறேன்.”

ஒரு மணிக்குக் குமரகுரு மாடியேறி வந்தார். காலையில் எரித்துக் காட்டிய உலை இன்னும் அனலடித்துக்கொண்டிருந்தது. யேசுதாஸும் இன்னும் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

“என்ன வேடிக்கை? தூக்குங்க. சாம்பாரைத் தாண்டி மோருக்கு வந்துட்டாங்க அங்க.”

“சூடா இருக்குது சார்” என்றான் யேசுதாஸ்.

“சாக்குப் போட்டுத் தூக்கு. புதுசா தூக்கறியா?”

“இது நாலு ஆளு தூக்கறது சார். நாலாவது ஆளத்தான் கேட்டுலயே நிறுத்திட்டீங்களே.”

“ஓ, பேரமா? நாளைக்கு வேற ஆளுங்க வருவாங்க, தெரியுமில்ல?”

“நாளைக்கு வருவாங்க சார். கமிட்டி இன்னிக்கு வந்துக்கினு இருக்குது.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குமரகுரு திரும்பிப் பார்த்தார். வராந்தா நிறையப் பெருக்குகிற பெண்கள், தோட்டக்காரர்கள், கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர்கள். அன்னம்மாள் வாசற்படியில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

அவர் காவேரியிடம் வந்தார். “ஸ்டிக்கர் எங்க?”

கோட்டுப் பையிலிருந்த இரண்டு ஸ்டிக்கரையும் எடுத்து உலையின் மேல் வைத்தாள். அனலில் அவை ஓரம் சுருளத் தொடங்கின.

“என்னம்மா இது? ஆஸ்பத்திரியில பொய் சொன்னது நீ. நான் வாயத் தொறந்தா மாட்டிக்கிறது யாரு?”

“நான்தான் சார். பொய் சொன்னது நான்தான்.”

இத்தனை நாளும் அவளைத் திரும்பிப் போகச் சொன்ன அதே பயம். நாளைக்கு அடுப்பெரியுமோ எரியாதோ. அன்னம்மாளின் ஈரக் கை வந்து அவளுடைய மஞ்சள் விரல்களைப் பற்றிக்கொண்டது. பின்னால் யேசுதாஸ் ஓரடி முன்னால் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவனுக்குப் பின்னால் இன்னும் பல காலடிகள்.

தினகரன் பார்த்துக்கொண்டு நிற்கும் ஜன்னல் நினைவுக்கு வந்தது. காவேரி நிமிர்ந்தாள்.

“என் புருஷன் கை போனது எங்க வீட்டுல இல்ல, இந்தப் படிக்கட்டுல. அத உங்க கையால எழுதிக் குடுங்க சார்.”