ஏழாவது பாட்டும் இருபத்திரண்டு பைகளும்

என் அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரே சுவர். அதற்கு அந்தப் பக்கம் ஃப்ரிட்ஜ். மைக்கை எங்கே வைத்தாலும் அதன் உறுமல் உள்ளே வந்துவிடும். கணினியில் வடிகட்டிப் பார்த்தேன். கூடவே என் குரலும் பாதி போய், வாளிக்குள் தலையை விட்டுப் பாடியதுபோல் ஆகிவிட்டது.

ஆறு பாட்டுகளை எப்படியோ முடித்திருந்தேன். கிடார், குரல், மேசையில் விரலால் தட்டும் தாளம் எல்லாம் நானே. ‘ஒற்றைச் செருப்பு’ என்ற பெயரில் இணையத்தில் போடுவேன். முப்பத்தொரு பேர் கேட்கிறார்கள். அவர்களில் யாருக்கும் என்னைத் தெரியாது. வீட்டில் கிடாரைத் தெரியும். நான் பாடுவது தெரியாது.

ஏழாவது பாட்டு மிகத் தாழ்ந்த குரலில் பாடவேண்டியது. உறுமல் இருந்தால் அது மூழ்கிப்போகும்.

சனிக்கிழமை காலை அம்மாவும் அக்காவும் பாப்பாவுக்குத் தடுப்பூசி போடக் கிளம்பினார்கள். அப்படியே பெரியம்மா வீட்டுக்கும் போய்விட்டு மாலையில்தான் வருவார்கள். பத்து மணிக்கு ஃப்ரிட்ஜ் சுவிட்சை அணைத்தேன். ஒரு மணி நேரம்தானே என்று நினைத்தேன்.

மூன்று மணிக்குத்தான் சரியாக வந்தது. போட்டுக் கேட்டேன். முதல் முறையாக என் குரல் எனக்கே கூசவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெளியே போய், அதையே திரும்பத் திரும்பக் கேட்டபடி தெருத் தெருவாக நடந்தேன்.

ஐந்தரைக்கு வீடு திரும்பியபோது சமையலறைத் தரையெல்லாம் தண்ணீர்.

ஃப்ரீசர் முழுக்க அக்காவின் பால். அவள் பேட்டரித் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். இடைவேளைகளில் சாமான் அறையில் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து, தாழ்ப்பாள் இல்லாத கதவைக் காலால் அழுத்திக்கொண்டு, பம்பில் பால் எடுப்பாள். ஐஸ் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவாள். திங்கள் முதல் நான்கு நாள் வெளியூரில் பயிற்சி. அதை முடித்தால் மேற்பார்வையாளர் வேலை. அந்த நான்கு நாளுக்கு ஐந்து மாதப் பாப்பாவுக்காகச் சேர்த்தவை, இருபத்திரண்டு பைகள். ஒவ்வொன்றிலும் கிழமையும் நேரமும் எழுதி ஒட்டியிருந்தாள்.

எல்லாமே உருகிக் கொழகொழவென்று கிடந்தன.

நான் நுண்ணுயிரியல் படித்தவள். உருகிய பாலை மறுபடி உறைய வைத்துக் குழந்தைக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். எழுதிய அதே கைதான் சுவிட்சைப் போட்டது, தரையைத் துடைத்தது, பைகளைப் பழையபடி அடுக்கிவைத்தது.

மறுநாள் காலை அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

“என்னடி, அடித் தட்டுல இவ்வளவு தண்ணி? நேத்து கரண்ட் போச்சா?”

“ம்.”

துணிகளை மடித்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்தாள். “எவ்வளவு நேரம்?”

“கொஞ்ச நேரம்தான்.”

அவள் ஒரு பையை எடுத்து அழுத்திப் பார்த்தாள். “கல்லு மாதிரிதான் இருக்கு. பரவாயில்ல.” உள்ளே வைத்துவிட்டு அம்மாவிடம், “நாளைக்குக் காலையில முதல்ல இதை எடும்மா, இதுதான் பழசு” என்றாள்.

மறுபடி போய் மடிக்கத் தொடங்கினாள். நான் என் அறைக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்தேன். சுவரின் அந்தப் பக்கம் ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியின் ஜிப்பை அக்கா இழுக்கும் சத்தமும் கேட்டது.

வெளியே வந்தேன்.

“அக்கா, அந்தப் பால் வேண்டாம்.”

“ஏன்?”

“கரண்ட் போகல. நான்தான் அணைச்சேன். காலைல பத்து மணிக்கு. சாயங்காலம் வந்துதான் போட்டேன்.”

அவளுக்குப் புரியச் சற்று நேரமானது. “எதுக்கு அணைச்ச?”

“சத்தம் வருது.”

“ஃப்ரிட்ஜுன்னா சத்தம் வராம? அது பாட்டுக்கு அது ஓடுது, உனக்கு என்ன?”

“பாடிப் பதிவு பண்ணினேன்.”

“யாரு, நீயா?” என்றாள் அம்மா. “வீட்டுக்கு வந்தவங்கள வாங்கன்னு கேக்க உனக்கு வாய் வராது. நீ பாடினியா?”

அக்கா சிரிக்கவில்லை. இருபத்திரண்டு பைகளையும் எடுத்துவந்து பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள்.

“அப்ப நாளைக்குப் போகலையா?” என்றாள் அம்மா.

“போறேன். போகாம இவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா? கடையில டின் பால் இருக்கு. இவளே வாங்கிட்டு வரட்டும், நாலு நாளும் இவளே கரைச்சுக் குடுக்கட்டும். நீ தொடாதேம்மா.” என் பக்கம் திரும்பினாள். “இது உருகட்டும். அதுவரைக்கும் போடு. அப்படி என்ன பாடினேன்னு கேப்போம்.”

“வேண்டாம்க்கா.”

“போடுடி.”

போனை மேடையில் வைத்தேன். அம்மா குழாயை மூடினாள். மூன்று நிமிடம் நாற்பது வினாடி. நான் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பைகள் தண்ணீரில் ஒன்றோடொன்று மெல்ல உரசிக்கொண்டிருந்தன. என் குரல் அவ்வளவு தெளிவாக, எந்த இரைச்சலும் இல்லாமல், வெட்கமே இல்லாமல் பாடியது.

முடிந்ததும், “இது நீதானா?” என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள் அக்கா, திட்டுகிற தொனியில். “அதுதான் எரிச்சலா இருக்கு.”

பைகள் உருகியதும் கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தாள்.

“நீயே வெட்டி ஊத்து. ஒவ்வொண்ணுலயும் என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டு ஊத்து.”

முதல் பையை எடுத்தேன். தாளில் மை கலங்கியிருந்தது.

“செவ்வாய். பகல் ஒண்ணு இருபது.”

பால் போயிற்று.

“செவ்வாய். சாயங்காலம் நாலு.”

ஐந்தாவது பைக்கு வந்தபோது என் குரல் தானாகவே இறங்கியிருந்தது. அக்கா பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டியபடி நின்றாள்.

“சத்தமாப் படி,” என்றாள். “பாட வருதுல்ல.”