ஒரு ஸ்பூன் ஆர்ஜினைன்

1

ஆறு மணிக்கு நைட் ஷிப்ட் முடியும். ஆறரைக்குக் கவரைப்பேட்டை வீடு. பால் காய்ச்சுவேன். என் மனைவி ஸ்நேகா குளித்து வருவதற்குள் அவளுடைய தண்ணீர் பாட்டிலில் ஒரு ஸ்பூன் ஆர்ஜினைன் பவுடர் போட்டுக் குலுக்குவேன். படுப்பேன். ஏழு பத்துக்கு அவளுடைய கம்பெனி பஸ்.

இப்போது பால் மட்டும். டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டேன். [பொய். அலமாரியில் இருக்கிறது.]

2

நான் லேப் கெமிஸ்ட். எங்கள் தொழிற்சாலையின் பாதுகாப்பு வார மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். எழுதினேன்:

‘ஆர்ஜினைன் ஓர் அமினோ அமிலம். அதிலிருந்து உடல் நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கிறது. ரத்தக் குழாய்கள் தளர்கின்றன. ரத்த அழுத்தம் சற்றுக் குறையலாம். சிலருக்கு வயிறு கெடும். ஏற்கெனவே பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அழுத்தம் அளவுக்கு மீறிக் குறைந்து, தலை சுற்றி’

இந்த வாக்கியம் முடியவில்லை. அதனால்தான் இது கதையானது.

3

பவுடரைச் சொன்னவர் எதிர்வீட்டு மோகன்ராஜ். ஜிம் வைத்திருக்கிறார்.

“பொண்டாட்டிக்கு பி.பி.யா? இது மருந்தே இல்ல தம்பி, சத்து. கண்ண மூடிக்கினு குடு.”

ஸ்நேகா சிரித்தாள். “லேப்ல மில்லிகிராம் கணக்கு பாக்குற ஆளு, ஊட்ல கண்ண மூடிக்கினு குடுக்கப் போறியா?”

[ஒரு வரைவில் மோகன்ராஜை வில்லனாக்கினேன். நிற்கவில்லை. வாங்கியது நான். அவளுக்கு பி.பி. மாத்திரை எழுதிய டாக்டரிடம் கேட்காததும் நான்.]

4

சிப்காட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்தாள். பின்தலையில் அடி. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

முடிவு அ: மழை. படி வழுக்கியது.

முடிவு ஆ: தலை சுற்றியது.

பவுடரைப் பற்றி ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டேன். “இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இனிமே சொல்ல முடியாதுப்பா.”

நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். அதற்குமுன் ஒரு விவரம். ஆர்ஜினைன் கரைந்துவிட்டால் வெறும் தண்ணீர் போலத்தான் தெரியும். அன்று நான் போட்டுக் குலுக்கிவிட்டுப் படுத்துவிட்டேன். கிளம்பும்போது வாசலிலிருந்து அவள் ஏதோ சொன்னாள். காதில் விழுந்தது. புரிந்தது. எழுந்திருக்கவில்லை. ஒரு ஸ்பூன் கூடினால் என்ன என்று நினைத்தேன். “ம்” என்றேன்.

‘உடம்பைப் பார்த்துக்கோ’ என்று அவள் சொன்னதாக மூன்று முறை எழுதி அடித்தேன். அவள் சொன்னது இதுதான்:

“பவுடர் போட மறந்துட்ட போல. நானே போட்டுக்கினேன். நீ தூங்கு.”