தேவநேசன் சொல்ல வேண்டிய பதில்

1

இந்தக் கதை எனக்கு ஊட்டி–கூடலூர் பஸ்ஸில் கிடைத்தது. முன் சீட்டில் ஒட்ட வெட்டிய தலையோடு இரண்டு பேர். பைக்காரா தாண்டியதும் ஒருவன் தூங்கி மற்றவன் தோளில் சாய்ந்தான். கண்டக்டர் வந்ததும் தோள் கொடுத்தவன் சட்டென்று விலகினான். தூங்கியவன் தலை ஜன்னலில் இடித்தது. நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரி: ‘மலையைப் பனி மூடியிருந்த—’

வேண்டாம். நீலகிரிக் கதை என்றாலே பனிதானா? நேராகவே சொல்லிவிடுகிறேன். தினகரனும் தேவநேசனும் சிப்பாய்கள், ஒருவரையொருவர் காதலிக்கிறார்கள். ஊருக்குச் சட்டம் மாறிவிட்டது, பட்டாளத்துக்கு இன்னும் மாறவில்லை. தெரிந்தால் வேலை போகும்.

(வேடிக்கை என்னவென்றால், இவர்களை ஜோடி சேர்த்ததே பட்டாளம்தான். காவலில் ஒருவன் தூங்கினால் மற்றவன் விழித்திருக்க வேண்டும். எவனும் தன் ஜோடியை விட்டுவிட்டுத் திரும்பக் கூடாது. சுபேதார் உத்தரவு. இவர்கள் அதைக் கொஞ்சம் அதிகமாகவே கடைப்பிடித்துவிட்டார்கள்.)

3

லீவில் இருவரும் சேரம்பாடி தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு, தினகரனின் அம்மா தெய்வம்மாவிடம் வருகிறார்கள். அவளைக் கொடுமைக்காரியாக்கத்தான் நினைத்தேன், கதைக்கு வசதி. எழுத உட்கார்ந்தால் அவள் கோழி அடித்துக் குழம்பு வைத்து, ஈரலைத் தேடி எடுத்துத் தேவநேசன் தட்டில் போடுகிறாள். இப்படிப்பட்டவளை நான் என்ன செய்வது?

மறுநாள் காலை மகன் குழாயடிக்குப் போனதும் பேச்சை எடுத்தாள்.

“தேத்தண்ணி குடிங்க தம்பி. ஒரு பொண்ணு பாத்திருக்கேன். இவன் பிடி குடுக்க மாட்டேங்கிறான். நீங்க சொன்னா கேப்பான்.”

“நான் சொன்னாலும் கேக்க மாட்டான்மா.”

“கேப்பான். ஜோடிய விட்டுட்டு வரக்கூடாதுன்னு பட்டாளத்துல சட்டமாமே? கல்யாணத்தன்னைக்கும் நீங்கதான் அவன் பக்கத்துல நிக்கணும்.”

வாசலில் தினகரன், தண்ணீர்க் குடத்தோடு. எல்லாம் காதில் விழுந்துவிட்டது. தேவநேசனின் முகத்தையே பார்த்தான்.

4

முடிவு ஒன்று: ‘கட்டிக்கச் சொல்றேம்மா’ என்கிறான். எழுதியதும் எனக்கே அழுகை வந்தது. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறான். தெய்வம்மா அடுப்பைப் பார்த்தபடி—

இதற்கு மேல் பேனா ஓடவில்லை. அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் அவளுக்குச் செய்கிற துரோகம்.

பஸ்ஸில் தோளை விலக்கியவன் தேவநேசன்தான். இப்போதும் அவன் விலக்கிக்கொள்ளட்டுமா? நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். தினகரன் இன்னும் குடத்தை இறக்கவில்லை.