அல்சியோனி என்ற பெயரின் மீதி

புத்தளத்துப் பக்கம், தலவிலவுக்கு வடக்கே, கடலோரத்தில் வீடு வைத்திருந்த கிளைட்டனின் மகளைச் சுற்றி முந்நூறு அடிக்குள் காற்று வீசுவதில்லை. ஞானஸ்நானம் நடந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அப்படித்தான். பக்கத்து வளவில் தென்னைகள் பேயாட்டம் ஆடும், அவர்கள் வளவில் ஓர் ஓலை அசையாது. முதல் மாதம் ஊரே வந்து பார்த்தது. இரண்டாம் மாதம், புழுக்கம் தாங்கவில்லை என்று வருவதை விட்டுவிட்டது.

பிள்ளைக்கு 'அ' எழுத்தில் பெயர் வைக்கச் சொன்னவர் சாதகம் பார்க்கும் ஒரு சாத்திரியார். மாதா கோயிலுக்குப் போகிறவர்களுக்குச் சாத்திரம் எதற்கு என்று கேட்கக்கூடாது. அந்தக் கரையில் இரண்டும் உண்டு. கிளைட்டனின் தங்கை சுதர்சினி ஃபோனில் தேடி 'அல்சியோனி' என்ற பெயரை எடுத்தாள். கிரேக்கப் பழங்கதைப் பெயர், மீன்கொத்தியையும் அமைதியான கடலையும் குறிக்கும் என்று திரையில் இரண்டு வரி இருந்தது. "கடலுக்குப் போறவன்ட பிள்ளைக்கு இதைவிட என்ன பேர் வேணும்?" என்றான் கிளைட்டன். திரையை விரலால் கொஞ்சம் தள்ளியிருந்தால் மீதிக் கதையும் வந்திருக்கும். ஒருவரும் தள்ளவில்லை. நம் ஆட்கள் மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதையே முழுதாகப் படிப்பதில்லை.

பிள்ளை நடக்கப் பழகியதும் காற்றின்மையும் கூடவே நடந்தது. அவள் முதலாம் வகுப்பில் சேர்ந்த அன்று பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த காற்றாலை நின்றது. கம்பெனிக்காரர் மூன்று தடவை வந்து எண்ணெய் போட்டுவிட்டுப் போனார்கள். நளீர் என்பவர் வெள்ளைக்காரருக்குப் பட்டம் பிடித்துக்கொண்டு தண்ணீரில் வழுக்கக் கற்றுக்கொடுக்கிறவர். அவரிடம் வந்த ஒரு பெண்ணின் பட்டம் ஒருநாள் கிளைட்டன் வீட்டு வாசலில் சொத்தென்று விழுந்தது. பிள்ளையின் பெயரைக் கேட்டதும் அந்தப் பெண் முகம் மாறி ஏதோ சொன்னாள். நளீர் அதைக் கிளைட்டனின் மனைவி யூஜீனியாவிடம் தமிழில் சொன்னார்:

"காத்துக்கு ராசா ஒருத்தன்ட மகளாம், தங்கச்சி. புருஷன் கடல்ல மௌத்தாகிட்டான். மையத்து கரையில ஒதுங்கினதக் கண்டு இவளும் கடல்ல பாஞ்சி, மீன்கொத்தியாப் போயிட்டாளாம். அவள் முட்டை வெச்சி அடைகாக்குற நாளைல தகப்பன் காத்தக் கட்டி வெச்சிருப்பானாம்."

கதையில் செத்தவன் கடலுக்குப் போன புருஷன். யூஜீனியாவின் புருஷனும் கடலுக்குப் போகிறவன். அவள் பயந்து போனாள். மறுநாளே புத்தளத்துக்கு பஸ் ஏறிப் பதிவுக் கந்தோரில் பெயரை மாற்றப் படிவம் நிரப்பினாள். ஆறு மாதம் பிள்ளையை அன்னம்மா என்று கூப்பிட்டார்கள். பிள்ளை திரும்பிப் பார்த்தாள், காற்றுத்தான் திரும்பவில்லை. சரி, நடக்கிறது நடக்கட்டும் என்று பழைய பெயருக்கே வந்துவிட்டார்கள்.

அல்சியோனிக்கு ஒன்பது வயதான வருடம், ஆனி மாதத்தில், காலையில் கடலுக்குப் போன கிளைட்டன் திரும்பவில்லை. மத்தியானம் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வெறிகொண்டது. யூஜீனியா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கரைக்கு ஓடினாள். அவர்களுக்கு முன்னால் முந்நூறு அடிக் கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர்போலக் கிடந்தது. அதற்கு அப்பால் அலைகள் பனை உயரத்துக்கு எழுந்தன. கிளைட்டன் அதற்கும் எத்தனையோ மைல் அப்பால் இருந்தான். அந்தக் காற்றில் எந்தப் படகும் இறங்க முடியாது, பிள்ளையை ஏற்றிக்கொண்டால் ஒழிய. அங்கே நின்ற எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது.

"நான் வந்தாத்தானே அம்மா கடல் படுக்கும்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை தானே படகில் ஏறினாள்.

யூஜீனியாவும் ஏறினாள். வேறென்ன செய்வாள்? படகுக்காரர்களோடு மூன்று நாள் தேடினார்கள். புயலுக்கு நடுவே ஒரு வட்டக் கடல் சத்தமில்லாமல் படகோடு கூடவே நகர்ந்தது. அந்த அமைதியில் அவள் புருஷன் பெயரைக் கூப்பிட்ட குரல் தெளிவாகப் போனது. பதில் வரவில்லை. படகும் கிடைக்கவில்லை, உடலும் ஒதுங்கவில்லை.

அதற்குப் பிறகு சோளக மாதங்களில் சனி, ஞாயிறுகளில் மீனவர்கள் அல்சியோனியைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஊருக்கு மீன் கிடைக்கிறது; ஆனி மாதத்திலும் அறக்குளா மலிவு. பிள்ளை மீனுக்காகப் போவதில்லை. "அப்பா இன்னும் கொஞ்சம் அங்கால இருப்பார்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறாள். ஒருத்தரைத் தின்ற கடலுக்கு மற்றவளையும் அனுப்ப யூஜீனியாவுக்கு மனம் இல்லை. தகப்பனைத் தேடாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை.

மகள் கடலில் இருக்கும் நேரத்தில் வீட்டுக்குள் காற்று வருகிறது. கொடியில் கிடக்கும் உடுப்பைத் தூக்கி எறிகிறது, சோற்றுப் பானைக்குள் மணலைக் கொட்டுகிறது. யூஜீனியா சன்னலைச் சாத்துவதில்லை. கதிரையைக் காற்றுக்கு நேரே போட்டு, முகத்தில் மணல் அடிக்க அடிக்க உட்கார்ந்திருக்கிறாள். பின்னேரம் ஆனதும் காற்று சட்டென்று நின்றுவிடும். அப்போது எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைக்குத் தேத்தண்ணி வைக்கக் கேத்தலை அடுப்பில் ஏற்றுகிறாள்.