வண்டியோடு வந்த வழி

அந்தத் திரைக்குக் கொடுத்த காசில் நாலு டயரையும் பேட்டரியையும் புதுசாகப் போட்டிருக்கலாம். இதை வண்டி வாங்கிய அன்றே சொன்னேன், மறுநாளும் சொன்னேன், அதற்கப்புறம் சொல்லாத நாள் இல்லை. என் வீட்டுக்காரர் காதில் ஏறினால்தானே.

பழைய வண்டி விற்கிற அந்த இடத்தில் ஒரே மாடலில் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. வெள்ளை வண்டியில் வெறும் ரேடியோ, ஆனால் டயர் எல்லாம் புதுசு. சாம்பல் நிற வண்டியில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை. அது வழி காட்டும், பேசும், அதற்காகவே விலை கூட. டயர்களோ தேய்ந்து மொட்டையாகிக் கிடந்தன. வண்டி எனக்குத்தான். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபில் கொண்டுபோய்ச் சேர்க்கிறவள் நான். அவர் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடை எங்கள் தெருமுனையில் இருக்கிறது. நடந்தே போவார், நடந்தே வருவார். ஆனால் பேரம் பேசியது அவர், பானெட்டைத் திறந்து தலையை விட்டுப் பார்த்தது அவர், முடிவு பண்ணியதும் அவர்.

"போன்லயே வழி வருதே, அது போதாதா?" என்றேன்.

"போனுங்கறது நாம ஒட்ட வச்சது. இது வண்டியோட பொறந்தது. கம்பெனிக்காரன் யோசிக்காமயா வச்சிருப்பான்? உனக்கு ஒரு நாளைக்கு எத்தன கால் வருது, ஒவ்வொரு கால் வரும்போதும் வழி மறைஞ்சிடும்னு நீதான சொன்ன?"

சொன்னது வாஸ்தவம்.  விற்கிறவர் சந்தோஷமாகச் சாவியை நீட்டி, "ஓட்டிப் பாருங்க சார், எந்த எடம் வேணாலும் போட்டுப் பாருங்க" என்றார்.

இவர் என்ன போட்டார் தெரியுமா? எங்கள் வீட்டு விலாசத்தை. அவர் பிறந்ததிலிருந்து குடியிருக்கிற தெரு அது. அந்தக் குரல் வலப்பக்கம் என்றது, இடப்பக்கம் என்றது, பவ்யமாக வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது. இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பாத்தியா, கேட்டுக்கு நேரா நிறுத்திடுச்சு" என்றார். தெரிந்த வழியைக் கேட்டுச் சரிபார்த்துவிட்டு, தெரியாத வழிக்காகக் காசு கொடுத்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒரு வாரத்தில் சாயம் வெளுத்தது. புதிதாகக் கட்டிய குடியிருப்புகளுக்குப் போனால் திரையில் தெருவே இல்லை. என் வண்டி மட்டும் பச்சை வெளியில் தன்னந்தனியாக நின்றது. சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன். "அந்த மாடலுக்குப் புது மேப் விடறத நிறுத்திட்டாங்க மேடம்" என்று எதிர்முனையில் ஒரு பெண் சொன்னாள். ஏதோ இரங்கல் தெரிவிக்கிற குரலில் சொன்னாள்.

சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நிறுத்தினா என்ன? ரோடு எங்க ஓடிப் போகும்? போட்ட எடத்துலதான கெடக்கும்."

"ரோடு ஓடாதுங்க. புதுசா பாலம் கட்டுவான், ஒருவழி ஆக்குவான்."

"உனக்கு அத உபயோகிக்கத் தெரியல. அதான் விஷயம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷக் கணக்கில் தெருத்தெருவாகச் சுற்றுகிறவள் நான். வழி விஷயத்தில் எனக்குத் தெரியவில்லையாம். "அப்ப ஒரு நாள் நீங்களே வந்து ஓட்டிக் காட்டுங்க" என்றேன். வார்த்தை வாயிலிருந்து விழுந்ததும் பிடித்துக்கொண்டார். "வர்ற வாரம் எனக்கு லீவு. நான் ஓட்டறேன். நீ பேசாம பக்கத்துல உக்காந்துட்டு வா. அப்புறம் சொல்லு." அன்றைக்கே அந்தக் குரலுக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்துவிட்டேன். அவள் சொன்னால் கேட்கிறார், நான் சொன்னால் கேட்பதில்லை. வேறு என்ன பெயர் வைப்பது.

அந்த நாளும் வந்தது. காலையில் போன வீடுகள் எல்லாம் பழைய பேட்டையில். சக்களத்திக்கு அத்துப்படியான இடம். ஒவ்வொரு வாசலிலும் நிறுத்திவிட்டு என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். நான் ரத்தக் குழாய்களில் பெயர் ஒட்டுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

கடைசி வீடு குட்டியின் வீடு. ஏழு வயசுப் பெண். உடம்பில் ஏதோ ஒன்று சேரக் கூடாத அளவுக்குச் சேர்ந்துவிடுகிறது. அது எவ்வளவு என்று அடிக்கடி ரத்தத்தில் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். அவள் நரம்பு நூல் மாதிரி. கையைத் தேய்த்து, வெந்நீர்ப் பையை வைத்து, கெஞ்சிக் கூத்தாடித்தான் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். போன மாதம் வேறு யாரோ போய்க் கண்ட இடத்தில் குத்தி, பிள்ளை என்னைப் பார்த்தாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ள ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் எங்களுக்குள் ஒரு உடன்படிக்கை. ஒரு நாளைக்கு ஒரு குத்துதான். கிடைத்தால் கிடைத்தது, இல்லாவிட்டால் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும்.

அன்றைக்குக் கிடைத்தது. ஒரே குத்து. அவள் கண்ணைத் திறந்து, "முடிஞ்சிடுச்சா?" என்றாள்.

"முடிஞ்சிடுச்சுடா கண்ணு. இன்னிக்கு உன்கிட்ட வரவே மாட்டேன்."

இந்த ரத்தம் மற்றது மாதிரி இல்லை. ஐஸில் வைத்து முக்கால் மணி நேரத்துக்குள் லேபில் கொடுத்தாக வேண்டும். தாண்டினால் கணக்கு தப்பாகக் காட்டும், தூக்கிக் கொட்ட வேண்டியதுதான். குட்டியின் அம்மா வாசல் வரைக்கும் வந்தாள். "டாக்டர் இன்னிக்கே ரிசல்ட் பாக்கணும்னாரு அக்கா. கூட இருந்துச்சுன்னா ஆஸ்பத்திரியில சேக்கணுமாம்" என்றாள். மத்தியான ஷிப்டுக்குப் போகிற உடுப்பில் இருந்தாள். கவலைப்படாதே, அரை மணியில் லேபில் இருக்கும் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

நான் வழக்கமாகப் போகிற பெரிய சாலையில், குழாய் பதிக்கிறார்கள் என்று குறுக்கே தடுப்பு வைத்திருந்தார்கள். நான் போனை எடுத்தேன். ஊரைச் சுற்றிப் போகிற புதுச் சாலையில் ஏறு என்றது. இவர் திரையைப் பார்த்தார். அதில் அந்தச் சாலையே கிடையாது. தண்டவாளத்தை ஒட்டி ஒரு சந்தில் புகுந்து, ரயில்வே கேட்டைத் தாண்டினால் லேப் என்று சக்களத்தி சொன்னாள்.

"இது பாரு, பாதி தூரம்தான்" என்றார்.

"வேணாங்க. சுத்து வழின்னாலும் புது ரோட்டுலயே போங்க. கையில இருக்கறது அந்தப் புள்ளையோட ரத்தம்."

"அதுக்குத்தான் சொல்றேன், கிட்ட இருக்கற வழியில போலாம்னு."

"போன்ல பாருங்களேன், அங்க கேட்டே காட்டல."

போனை என் கையிலிருந்து வாங்கினார். பார்ப்பார் என்று நினைத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ரெண்டு பேர் ரெண்டு வழி சொன்னா மனுஷன் எப்படி வண்டி ஓட்றது?" என்றபடி வண்டியைச் சந்துக்குள் திருப்பிவிட்டார்.

சந்து போகப் போகக் குறுகியது. ஒரு பக்கம் தண்டவாளத்து வேலி, மறுபக்கம் கிடங்குகளின் முதுகு. எதிரே வருவதற்கு ஒரு சைக்கிள்கூட இல்லை. ஒரு வழியில் எதிரே யாருமே வரவில்லை என்றால் அந்த வழி எங்கேயும் போகவில்லை என்று அர்த்தம். இது எந்த மேப்பும் இல்லாமலே எனக்குத் தெரியும். சொன்னேன். "கொஞ்சம் பொறுமையா இரு" என்றார்.

"இருநூறு மீட்டரில் ரயில்வே கேட்டைக் கடக்கவும்" என்றாள் அவள்.

கேட் இல்லை. கேட் இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் சுவர். அதுவும் நேற்றுக் கட்டினது இல்லை; அதன்மேல் ஒட்டிய விளம்பரங்களே மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து உரிந்து தொங்கின. அந்தப் பக்கம் தலைக்கு மேலே மேம்பாலத்தில் வண்டிகள் பறந்துகொண்டிருந்தன. "நேராகச் செல்லவும்" என்றாள் சக்களத்தி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் திரையைப் பிடுங்கி எறிந்திருப்பேன். வண்டியோடு பிறந்ததாயிற்றே, பிடுங்கவும் வராது.

திரும்ப இடம் இல்லை. ரிவர்ஸில் போகலாம் என்றால், எங்களுக்குப் பின்னால் ஒரு லாரி வந்து கிடங்கு வாசலில் நின்று மூட்டை இறக்கத் தொடங்கியிருந்தது. இவர் ஹாரனை அடித்தார். லாரிக்காரர் இறங்கி வந்து ஜன்னலில் குனிந்தார்.

"முட்டுச் சந்துக்குள்ள எதுக்கு சார் வந்தீங்க?"

"மேப்ல வழி இருக்கு" என்றார் இவர்.

லாரிக்காரர் சுவரைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், போய்விட்டார். அவர் ஆட்கள் அதற்குள் சந்து முழுக்க மூட்டைகளை இறக்கிப் போட்டிருந்தார்கள். நான் போய்க் கெஞ்சினேன், ஒரு குழந்தையின் ரத்தம் கெட்டுப் போகும் என்றேன். பாவம், அவர்களும் அவசரப்பட்டார்கள். ஆனால் மூட்டைகளுக்கு அவசரம் தெரியவில்லை. நான் திரும்பி வந்து வண்டியில் உட்கார்ந்ததும் இவர் சட்டைப் பையில் என் போன் அடித்தது. லேபிலிருந்து. எடுத்து ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

நான் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். லாரி நகர்ந்து, நாங்கள் ரிவர்ஸில் வெளியே வந்து, சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் நேரம் எப்போதோ தாண்டிவிடும். உண்மையைச் சொன்னேன்.

"அப்ப இது ஆகாது. திரும்பப் போய் எடுத்துட்டு வாங்க" என்று வைத்துவிட்டார்கள்.

குட்டியின் வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பேசினால் ஊர் கூடிவிடும். அவர் சக்களத்தியின் வாயை அடைத்துவிட்டார். வண்டியை நிறுத்தியதும், "நீ போயிட்டு வா, நான் கீழ இருக்கேன்" என்றார். "அதெல்லாம் முடியாது. நீங்களும் மேல வாங்க" என்றேன்.

குட்டியின் அம்மா கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. போனை எடுத்து, இன்றைக்கு வேலைக்கு வர முடியாது என்று யாரிடமோ தணிந்த குரலில் சொன்னாள். அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது.

குட்டி தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு ஒண்ணு ஆயிடுச்சு."

"ஆமாடா" என்றேன்.  எத்தனை வீட்டில் எத்தனை சமாளிப்புச் சொல்லியிருப்பேன், இங்கே எதுவும் எடுபடாது.

"வரமாட்டேன்னு சொன்னீங்க."

அப்போது அவர் அவளுக்கு எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தார். "அத்தை மேல தப்பு இல்லம்மா. தப்பு என்னோடது. அவங்க வேணாம்னு சொல்லச் சொல்ல, கேக்காம தப்பான வழியில போயிட்டேன். அதுல உன் ரத்தம் வீணாப் போச்சு."

மூன்று வாரமாக நான் கேட்கத் துடித்த வார்த்தை. வண்டி வாங்கிய நாளிலிருந்து, அவர் இதைச் சொல்கிற நாளில் என்னவெல்லாம் சொல்லிக் காட்டலாம் என்று மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. 

குட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, அம்மா ஒன்றும் சொல்லாமலே, வலது கையை மெதுவாக வெளியே எடுத்து நீட்டினாள். இடது கையில் காலையில் ஒட்டிய பஞ்சு அப்படியே இருந்தது. அவள் அம்மா தோளைப் பிடித்துக்கொண்டாள். முழங்கையை அவர் பிடித்துக்கொண்டார். முதல் குத்தில் வரவில்லை. ஊசியை வெளியே எடுத்துவிட்டு இன்னொரு இடத்தில் தடவிப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள், அழவில்லை. அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பினார். "இங்க பாருங்க, கைய ஆட்டாம பிடிங்க" என்றேன். அடுத்ததில் வந்தது, சொட்டுச் சொட்டாக.

"இந்தத் தடவ வழி தெரியுமா?" என்று குட்டி அவரைக் கேட்டாள்.

 அவர் ஒரு கையால் அவள் முழங்கையை விடாமல், மறுகையால் பையிலிருந்து என் போனையும் வண்டிச் சாவியையும் எடுத்து என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை. குழாய் இன்னும் பாதிகூட நிறையவில்லை.